இரண்டு பதிவேடுகள்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி நம் கூட்டமைப்புச் செயலாளர் அக்கா கேட்டார்கள். குழு ஆரம்பித்த கதை, கடன் வாங்கி மாடு வாங்கின கதை எல்லாம் மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் பதிவேட்டைப் பற்றி எழுதுகிறேன்.

பதிவேடு நமக்குப் புதுசு இல்லை. வருகைப் பதிவேடு, தீர்மான நோட்டு, சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர் என்று வாரா வாரம் எழுதுகிறோம். ரேஷன் கார்டில் என் பேர் வீட்டுக்காரர் பேருக்குக் கீழேதான் இருந்தது. குழு நோட்டில்தான் ஒரு வரி முழுக்க எனக்கென்று கிடைத்தது. அந்த வரியை நம்பித்தான் பேங்கில் கடன் கொடுத்தார்கள். நோட்டில் பேர் ஏறினால் நமக்கு நல்லது நடக்கும் என்றுதான் நமக்குத் தெரியும்.

பேர் ஏறினால் வாழ்க்கையே போய்விடுகிற பதிவேடும் நம் நாட்டில் இருந்தது. திருநங்கைகளின் பேரை எழுதுவதற்காகவே போலீஸ் வைத்திருந்த பதிவேடு அது. அதைப் பற்றி எனக்குத் தெரிய வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சந்தையில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன்னால், எங்கள் குழுவின் தவணைப் பணத்தை ஒரு மஞ்சள் பையில் வைத்து பேங்குக்குக் கொண்டு போனோம். நானும் இன்னும் இரண்டு பேரும். அன்றைக்குச் சந்தை நாள். வழியில் காய்கறி வாங்கினோம். பேங்கு வாசலில் போய்ப் பார்த்தால் பையைக் காணோம்.

ஐயோ என்று மூன்று பேரும் கத்தினோம். கூட்டம் கூடிவிட்டது. யார் பக்கத்தில் நின்றது என்று கேட்டார்கள். சந்தையில் கடை கடையாகக் காசு கேட்டு வருகிற ஒரு திருநங்கை எங்கள் பக்கத்தில் வந்துபோனது. "அதுவாத்தான் இருக்கும்" என்று ஒருத்தர் சொன்னார். அவர் யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. "அக்கா, நான் எடுக்கலக்கா, நீங்க சொல்லுங்கக்கா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.

சாயங்காலம் நாலு மணிக்கு, நாங்கள் வெங்காயம் வாங்கின கடையில் சாக்குக்கு அடியிலிருந்து பை கிடைத்தது. பணம் அப்படியே இருந்தது. கடைக்காரருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பஸ் போய்விடுமே என்று ஊருக்கு வந்துவிட்டோம். பணம் கிடைத்துவிட்டது என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்லணும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில்தான் என் வீட்டுக்காரர் போய்ச் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்க அவர் அங்கே இருந்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்துச் சந்தையில் பார்த்தேன். தலையில் முக்காடு. முடியை வெட்டிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பக்கத்தில் எத்தனையோ பேர் நின்றிருந்தோம். ஏன் எல்லோருடைய விரலும் அவர் பக்கமே நீண்டது? போன வருஷம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்திய சட்ட விழிப்புணர்வு முகாமில் ஒரு வக்கீலம்மாவிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்ன பதிலிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1871ஆம் வருஷத்துச் சட்டம்

வெள்ளைக்காரன் ஆண்டபோது, 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் இரண்டு பாகம். முதல் பாகம், சில சாதிகளைப் பிறப்பிலேயே திருடர்கள் என்று எழுதிவைத்தது. இரண்டாம் பாகம் திருநங்கைகளைப் பற்றியது. முதலில் வட இந்தியாவில் அமல்படுத்தினார்கள்.

அந்த இரண்டாம் பாகம் சொன்னது இதுதான். பிள்ளைகளைக் கடத்துகிறவர்கள், பிள்ளைகளுக்கு ஆண் தன்மையை நீக்குகிறவர்கள், 377ஆவது பிரிவில் வருகிற குற்றம் செய்கிறவர்கள் என்று சந்தேகப்படுகிற திருநங்கைகளின் பேர், முகவரி, சொத்து எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் போதும். யார் திருநங்கை என்று முடிவு பண்ண உடம்பை டாக்டர் பரிசோதிக்கலாம் என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது.

பேர் ஏறிவிட்டால் அப்புறம் என்ன நடக்கும்? சேலை கட்டிக்கொண்டோ, நகை போட்டுக்கொண்டோ தெருவில் தெரிந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். தெருவில் ஆடினாலும், மேளம் வாசித்தாலும் அதே கதி. காசு வாங்கிக்கொண்டு ஒரு வீட்டு விசேஷத்தில் ஆடினாலும் அதே கதி. 2 வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். 16 வயதுக்குக் கீழே ஒரு பையன் அவர்கள் வீட்டில் இருந்தால் அதற்கும் 2 வருஷம் வரை ஜெயில். ஒரு பிள்ளையைத் தத்து எடுக்க முடியாது. பிள்ளைக்குக் கார்டியனாக இருக்க முடியாது. தன் சொத்தை யாருக்கும் தானமாகக் கொடுக்க முடியாது, உயில் எழுத முடியாது.

இதைப் படித்தபோது நான் நம் குழு நோட்டை நினைத்துக்கொண்டேன். கடன் வாங்கலாம், பாண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், நாமினி பேர் எழுதலாம் என்று நம் பதிவேடு நமக்கு ஒவ்வொரு உரிமையாகக் கொடுத்தது. அவர்களுடைய பதிவேடு ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. அவர்கள் பிழைப்பு ஆட்டமும் பாட்டும். பிள்ளை பிறந்த வீட்டில் போய் ஆசீர்வாதம் பண்ணி ஆடிப் பாடிக் காசு வாங்குவது வடக்கே காலங்காலமாக உள்ள வழக்கம். அதைத் தடுத்துவிட்டால் கடை கடையாகக் கை நீட்டுவதைத் தவிர வேறு என்ன வழி? கை நீட்டினால் அதையும் சந்தேகமாகப் பார்ப்பது. இதுதான் சுழற்சி.

1884இல் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மொராதாபாத் பக்கம் கைராத்தி என்று ஒருவர். பெண் உடை போட்டுக்கொண்டு ஒரு வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார் என்று பிடித்தார்கள். உடம்பைப் பரிசோதித்தார்கள். 377ஆவது பிரிவில் தண்டனை கொடுத்தார்கள். யாரோடு, எங்கே, எந்தத் தேதியில் குற்றம் செய்தார் என்று ஒன்றும் சொல்லவில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் இதையே காரணமாகச் சொல்லி அவரை விடுதலை செய்தது. ஆனால் அதே தீர்ப்பில், இப்படிப்பட்டவர்களை அடக்க நினைத்த அதிகாரிகளின் எண்ணம் புரிகிறது என்றும் நீதிபதி எழுதிவைத்தார். வழக்கில் ஜெயித்தும் அவமானம் மிச்சம்.

எங்கள் அம்மாச்சி சொன்ன ரேகைச் சட்டம்

நான் வாக்கப்பட்டு வந்தது இந்த ஊருக்கு. பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம். என் அம்மாச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்ததைச் சொல்லும். பொழுது சாய்ந்தால் ஊர் ஆம்பளைகள் கச்சேரிக்குப் போய் ரேகை வைத்துவிட்டு அங்கேயே படுத்துக் கிடக்கணும். வெளியூரில் ஒரு சாவு என்றால்கூட சீட்டு வாங்கித்தான் போகணும். "எங்க அப்பன் ஒரு நாளும் ராத்திரி வீட்டுல படுத்து நான் பாத்ததில்ல தாயி" என்று சொல்லும். கச்சேரி என்று அம்மாச்சி சொல்வது போலீஸ் ஸ்டேஷனை.

அந்த ரேகைச் சட்டமும் இந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம்தான் என்று வக்கீலம்மா சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1911இல் அந்தச் சட்டத்தைப் புதிதாக எழுதி மதராஸ் மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். திருநங்கைகளைப் பற்றிய பாகம் அந்தப் புதுச் சட்டத்தில் இல்லை. சாதிகளைப் பற்றிய பாகம் இருந்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கம் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறோம். 1947இல் நம் மாகாணத்தில் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.

ஒரே சட்டத்தின் முதல் பாகத்தில் என் அம்மாச்சியின் அப்பா இருந்தார். இரண்டாம் பாகத்தில் திருநங்கைகள் இருந்தார்கள். "எங்களைத் திருடன் என்று எழுதிவைத்தார்களே" என்று சொல்லி அழுத வீட்டில் பிறந்த நான், சந்தையில் ஒருவரைத் திருடி என்று தலையாட்டினேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

சட்டம் போனாலும் போகாத பழக்கம்

வெள்ளைக்காரன் போய்விட்டான், அதோடு எல்லாம் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

ஹைதராபாத் நிஜாம் அரசு 1919இல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. அதிலும் பதிவேடு, அதிலும் பெண் உடை போட்டால் கைது. அந்தச் சட்டம் 2023 வரை புத்தகத்தில் இருந்தது. 2023 ஜூலையில்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. கர்நாடகத்தில் இதைவிட ஆச்சரியம். 2011இல், அதாவது நாமெல்லாம் செல்போன் வைத்திருக்கிற காலத்தில், போலீஸ் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவைச் சேர்த்து, சந்தேகப்படுகிற திருநங்கைகளின் பேர், முகவரியைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். 140 வருஷத்துக்கு முன்னால் எழுதின வரிகளைப் பார்த்து எழுதினது போலவே இருந்தது. நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அந்த வார்த்தையை எடுத்தார்கள்.

நம் தமிழ்நாட்டில் பதிவேடு இல்லாமலேயே அந்தப் பழக்கம் இருந்தது. 2006இல் சென்னையில் ஒரு திருநங்கையைத் திருட்டு வழக்கு என்று விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். ஸ்டேஷனில் அடியும் பாலியல் கொடுமையும் நடந்தன. பொறுக்க முடியாமல் ஸ்டேஷன் வளாகத்திலேயே தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். பிழைக்கவில்லை. உடன்பிறந்த சகோதரி விடவில்லை. உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2007இல் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெற்றவர்களே ஒதுக்குகிற இடத்தில் ஒரு சகோதரி கோர்ட் படி ஏறி நின்றார். அவர் பேர் தெரியாவிட்டாலும் நாம் அவரை நினைக்க வேண்டும்.

ஜெயிலிலும் இதே கதை. ஆண்கள் சிறை, பெண்கள் சிறை என்று இரண்டுதான். திருநங்கை என்றால் ஆண்களோடு அடைத்துவிடுவது. அங்கே ராத்திரி என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நாடு முழுக்க எத்தனை கைதிகள் என்று வருஷா வருஷம் அரசு புத்தகம் போடுகிறது. அதில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. 2020ஆம் வருஷத்துக் கணக்கிலிருந்துதான் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார்கள். பிடிப்பதற்குப் பதிவேடு இருந்தது. உள்ளே போட்ட பிறகு எண்ணுவதற்குப் பதிவேடு இல்லை. 2022 ஜனவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. திருநங்கைகளுக்குத் தனி இடம், தனிக் கழிப்பறை கொடுங்கள், அதற்காக அவர்களைத் தனிமைப்படுத்தி வைக்காதீர்கள், சோதனை போடும்போது மானம் காக்கவேண்டும் என்று சொன்னது.

நல்ல பதிவேடுகள்

இனி நல்லதையும் சொல்ல வேண்டும். நம் மாநிலம்தான் இதில் பல விஷயங்களில் முன்னால் நின்றது.

2008இல் திருநங்கைகளுக்கென்று நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. இந்தியாவிலேயே முதல். அடையாள அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் கிடைத்தன. திருநங்கை என்கிற மரியாதையான வார்த்தையும் நம் அரசு வழங்கியதுதான். அதற்கு முன்னால் நாம் என்னென்ன வார்த்தை சொல்லிக் கூப்பிட்டோம் என்று நமக்கே தெரியும். ஏப்ரல் 15 நம் மாநிலத்தில் திருநங்கையர் தினம். 2014இல் அதே ஏப்ரல் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. தன்னை ஆண் என்பதா, பெண் என்பதா, மூன்றாம் பாலினம் என்பதா என்று முடிவு பண்ணுவது அந்தந்த மனுஷருடைய உரிமை என்று சொன்னது. 1871இல் டாக்டரைக் கூப்பிட்டு உடம்பைப் பார்த்தார்கள். 2014இல்தான் அவர் வாயைக் கேட்டார்கள்.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி, வயது வந்தவர்கள் மனசொத்து இருப்பதை 377ஆவது பிரிவில் குற்றமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கைராத்தி வழக்கு நடந்து 134 வருஷம் ஆகியிருந்தது.

போலீஸ் வேலைக்கே ஒரு திருநங்கை போனார். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. நிராகரித்தார்கள். திரும்பத் திரும்ப உயர் நீதிமன்றம் போனார். 2015இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2017இல் காக்கிச் சட்டை போட்டு வேலையில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர் அவர். 2018இல் சத்யஸ்ரீ ஷர்மிளா தமிழ்நாடு பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்தார். வக்கீல்கள் பதிவேட்டில் ஏறிய முதல் திருநங்கை அவர். 2022இல் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளில், இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தனி விதியே சேர்த்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2019இல் மத்திய அரசு திருநங்கைகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதில் அவர்களுக்குப் பாலியல் கொடுமை செய்கிறவனுக்குத் தண்டனை 6 மாதத்திலிருந்து 2 வருஷம் வரை என்று எழுதினார்கள். ஒரு பெண்ணைக் கெடுத்தவனுக்கு அப்போதே 10 வருஷத்துக்குக் குறையாத தண்டனை இருந்தது. அதே கொடுமை, அதே வலி. மதிப்பு மட்டும் ஏன் குறைந்தது?

நம் தீர்மான நோட்டு

இப்போது நம் கூட்டமைப்புக்கு வருகிறேன். ஐந்து திருநங்கைகள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்து, நம்மோடு இணைத்துக்கொள்ளச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தில் பேசினோம். இரண்டு தடவையும் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று தள்ளிவைத்தோம். காரணம் நோட்டில் எழுதவில்லை. வெளியே மரத்தடியில் பேசிக்கொண்ட காரணம் எல்லோருக்கும் தெரியும். "அவுங்க கையில பணத்தைக் குடுத்தா திரும்பி வருமா?" என்பதுதான்.

நமக்கும் ஒரு காலத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பொம்பளைகளுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்று பேங்கில் நம்மை எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள்? ஒரு தவணை தவறாமல் கட்டித்தானே நம் மேல் நம்பிக்கை வரவைத்தோம். கட்டிக் காட்டுவதற்கு ஒரு வாய்ப்பு முதலில் வேண்டும். அதைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். ஆறு மாதமாக வாரம் தவறாமல் தங்களுக்குள் சேமித்து வருகிறார்கள். அவர்கள் நோட்டை நான் பார்த்தேன். என் எழுத்தைவிட அழகாக எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருவர், சந்தையில் அன்றைக்கு "நீங்க சொல்லுங்கக்கா" என்று என்னிடம் கேட்டவர். மனு கொடுக்க வந்த அன்று அவரிடம் போய், அன்றைக்கு நான் பண்ணினது தப்பு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பை கிடைச்சதும் வந்து சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதனால் சகோதரிகளே, நான் கேட்பது இரண்டு விஷயம்.

ஒன்று, யாரையாவது சந்தேகத்தின் பேரில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால், அவர் திருநங்கையோ யாரோ, நமக்குத் தெரிந்ததைப் போய்ச் சொல்ல வேண்டும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்தணும். காவலில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற நம்பருக்குப் போன் பண்ணினால் சட்ட உதவி கிடைக்கும். இதை எல்லாக் குழுவிலும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டு, அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த மனு மூன்றாவது முறையாக வருகிறது. இணைத்துக்கொள்ளலாம் என்று நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒரு கை வேண்டும். வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் காரணத்தை மரத்தடியில் சொல்லாமல், அவர்கள் ஐந்து பேரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து சொல்லுங்கள். அதையும் தீர்மான நோட்டில் எழுதுவோம். அதற்குக் கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.